பதினாறடி வழி

செஞ்சி,
20-1-1964

ஸ்ரீ வீதராகாய நம:

அன்புள்ள தம்பி குணபாலனுக்கு அக்கா ஜெயமாலா ஆசீர்வாதத்தோட எழுதுறது. நான் இங்க சுகம். முட்டி மட்டும் படி ஏறினா வலிக்குது. நீ, அனந்தமதி, பாப்பா மூணு பேரும் எப்படி இருக்கீங்க? பிலாய்ல இந்த வருஷம் குளிர் அதிகம்னு பேப்பர்ல போட்டிருந்தான். பாப்பாவுக்கு நான் பின்னி அனுப்பின ஸ்வெட்டர் கை பத்துதா, குட்டையாப் போச்சா, எழுது.

இந்தக் கடிதத்தோட ஒரு நோட்டீஸ் வச்சிருக்கேன், ரோஸ் காகிதம். முதல்ல அதைப் படி. "ராஜகிரி நகர். கோட்டை மதில் ஓரம் காற்றோட்டமான வீட்டு மனைகள். திருவண்ணாமலை ரோட்டிலிருந்து பதினாறடி வழி உண்டு." கீழ யார் பேர் இருக்குது பார். நம்ம பெரியப்பா மகன் ஜினேந்திரன்தான். புது பஸ் ஸ்டாண்டு நம்ம பக்கம் வருதாம், கோட்டை பார்க்க வர்றவங்களுக்கு சர்க்கார் பங்களா கட்டப் போகுதாம், ஊரே இதைத்தான் பேசுது. கேட்டதும் மனுஷன் கடலை போடுறதை நிறுத்திட்டார். நாலு ஏக்கரையும் முப்பத்திரண்டு மனையா கல்லு நட்டாச்சு.

அந்தப் பதினாறடி வழி எதுன்னு கேளு. நம்ம வழி. நம்ம வீட்டு ஓரமா ரோட்டுலேர்ந்து ஏரி வரைக்கும் நீளமாப் போவுதே கள்ளிப் பள்ளம், அதேதான். அவர் நிலத்துக்கு ரோட்டுப் பக்கம் வேற வாசல் கிடையாது. நம்மைக் கேக்காமலே அச்சடிச்சுட்டு, இப்பத் தரகர் கலியபெருமாளை அனுப்பிக் கேக்குறார்.

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. ஐம்பத்தேழுல நைனா செத்த அன்னிக்கு அதே நிலத்து வழியாத்தான் ஏரிக்கரையில இருக்கிற நம்ம சுடுகாட்டுக்குப் போவணும். காலங்காலமா அதுதான் வழி. அன்னிக்கு அவர் கேணியில புது மோட்டார் போட்டு ஓட்டுற நாள், விருந்தாளிங்க வந்திருக்காங்க, பொணம் இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு முள்ளை வெட்டிப் போட்டார். ஏரியைச் சுத்தி ரெண்டு மைல் சேத்துல நடந்தீங்க. நெருப்பு வைக்கும்போது பொழுது போயிடுச்சு. முந்தின நாள்லேர்ந்து அம்மா பச்சைத் தண்ணி குடிக்கலை. நம்ம ஜைன விரதம், இருட்டின பிறகு வாயில எதுவும் வைக்க மாட்டாங்களே, மயங்கிச் சரிஞ்சப்பகூட ஈரத் துணியால உதட்டைத்தான் துடைச்சேன். விடியற வரைக்கும் அந்த உதட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன் நான்.

அடுத்த வருஷம் பாகம் பிரிச்சாங்க. வீடு நமக்கு, நிலம் அவருக்கு, கூட நமக்கு அந்தக் கள்ளிப் பள்ளம். நம்ம பொணம் இனிமே அவர் மண்ணுல கால் வைக்கக் கூடாதுன்னு பத்திரத்துல அவரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "இரு தரப்பு நிலங்களுக்கும் இடையே எவ்வித வழிப்பாத்தியமும் இல்லை." இப்ப அந்த வரி அவர் தொண்டையில நிக்குது. வழி கேட்டு எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது.

கலியபெருமாளை நான் உள்ளே கூப்பிட்டு மோர் குடுத்து, யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பினேன். தினம் வரட்டும். ஏழு வருஷம் கழிச்சு எனக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வருது.

இப்படிக்கு,
அக்கா ஜெயமாலா


பிலாய்,
9-2-1964

ஸ்ரீ வீதராகாய நம:

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி குணபாலன் நமஸ்காரம். இங்கு யாவரும் க்ஷேமம். உன் க்ஷேமம் அறிய ஆவல். ஸ்வெட்டர் சரியாக இருக்கிறது. பாப்பா அதைக் கழற்ற மறுக்கிறாள்.

நோட்டீஸ் பார்த்தேன். நல்ல தாளில் அச்சடித்திருக்கிறார்.

அக்கா, கடிதத் தலைப்பில் பற்றும் பகையும் அற்ற வீதராகன் பெயரைப் போட்டுவிட்டு அதன் கீழே இப்படியெல்லாம் எழுதலாமா? அண்ணனுக்கும் அறுபது வயது ஆகிறது. நைனா விஷயத்தில் அவர் செய்தது தவறுதான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஊர் வளர்கிறது. இன்று இல்லாவிட்டால் நாளை அந்த இடம் மனையாகத்தான் போகும். பள்ளம் இருவர் பேரிலும் இருப்பதால் அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்க வேண்டாம். எதுவானாலும் எனக்கு எழுதிவிட்டுச் செய்.

முட்டி வலிக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவு.

இப்படிக்கு,
தம்பி குணபாலன்


செஞ்சி,
20-2-1964

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுறது. நான் சுகம். எண்ணெய் தடவினேன், கேட்குது. நீங்க எல்லாரும் சுகம்தானே?

தலைப்புல பேர் போடலாமான்னு கேட்டியே. அதான் இந்தத் தடவை போடலை. என் மனசுல இப்ப இருக்கிறதுக்கு மேல அந்தப் பேரை எழுதினா எனக்கே கூசுது.

வழியைத் தராம வச்சிருந்தா மட்டும் போதாதுன்னு எனக்குப் பட்டுச்சு. இன்னிக்கு நான் இருக்கேன், தரமாட்டேன். நாளைக்கு நான் இல்லைன்னா? வேற ஒண்ணு தோணிச்சு. வல்லம் பிளாக் ஆபீஸ்ல நான் மாதர் சங்கத்துக்குத் தையல் சொல்லித்தரப் போறேன் இல்லையா, அங்க பச்சைமுத்துன்னு ஒரு கிளார்க். ஜினேந்திரன் நிலத்துக்குப் பின்னால ஏரியோரம் இருக்கிற காலனிதான் அவனுக்கு ஊரு. நம்ம கடலைக்கெல்லாம் களை எடுத்தாளே காத்தாயி, அவ மகன். எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவன், அளந்துதான் பேசுவான்.

அவங்களுக்கு ரோட்டுக்கு வர நேர் வழி இல்லை. அவங்க சுடுகாடு ரோட்டுக்கு இந்தப் பக்கம் மலையடியில இருக்குது. பொணம் விழுந்தா ஏரியைச் சுத்திதான் தூக்கிட்டு வரணும். ஐப்பசி மழையில இடுப்பளவு தண்ணியில தூக்குவாங்களாம். அஞ்சு வருஷமா மனு மேல மனு போட்டிருக்கான் பச்சைமுத்து. ஆபீஸ்ல அவன் மேஜையிலேயே அந்த மனு எல்லாம் கட்டாக் கிடக்குது.

பள்ளத்தைப் பஞ்சாயத்துக்கு வழியா எழுதிக் குடுத்துடறேன்னு சொன்னேன். அவன் நம்பலை. "இதுல உங்களுக்கு இன்னாம்மா லாபம்?"னு கேட்டான். எனக்கு லாபம் வேணாம், ஜினேந்திரனுக்கு நஷ்டம் வேணும்னு சொன்னேன். காலனிப் பொணம் மாசத்துக்கு ஒண்ணு போற பாதையில எந்த மளிகைக்காரன் மனை வாங்கி வீடு கட்டுவான்னும் கேட்டேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆச்சு. பேனாவை மூடி வச்சுட்டு, "சண்டை உங்களோடது, வழி எங்களுக்கு வேணும், எழுதிக் குடுங்க"ன்னான்.

உன் சம்மதத்தை ஒரு வரி எழுதி அனுப்பு. அது போதும்.

இப்படிக்கு,
அக்கா ஜெயமாலா


பிலாய்,
18-4-1964

ஸ்ரீ வீதராகாய நம:

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். பாப்பாவுக்கு மணல்வாரி அம்மை போட்டு இறங்கியது. பிறகு எனக்கு ஷிப்டு மாறியது. பிறகு அனந்தமதிக்கு ஜுரம். இப்போது யாவரும் க்ஷேமம். வெயில் நெருப்பாகக் கொளுத்துகிறது. நம் ஊர்க் காற்றை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

நீ எழுதிய விஷயம் நல்ல காரியம்தான். ஆனால் இது நிதானமாக யோசிக்க வேண்டியது. காலனிக்காரர்களுக்கு வழி கொடுப்பது சர்க்கார் பொறுப்பு, நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்? மே மாதம் லீவு போட்டு வருகிறேன். நேரில் பேசிக்கொள்வோம். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

இன்னொன்று. பள்ளம் ஆரம்பிக்கிற இடத்தில், ரோட்டு முனைக்கு அடுத்து ஒரு வேப்பமரம் இருந்ததே, அது இன்னும் இருக்கிறதா? அதன் நிழல் காலையில் எந்தப் பக்கம் விழும் என்று எழுது. சும்மா ஞாபகம் வந்தது, அதனால் கேட்டேன்.

இப்படிக்கு,
தம்பி குணபாலன்


செஞ்சி,
28-4-1964

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுறது. நான் சுகம். பாப்பாவுக்கு அம்மை இறங்கினது கேட்டு நிம்மதி. தலைக்கு வேப்பிலை போட்டுக் காய்ச்சின தண்ணிதான் ஊத்தணும்னு அனந்தமதிகிட்டச் சொல்லு.

வேப்பமரம் இருக்குது. காலையில நிழல் மேற்கே ஜினேந்திரன் நிலத்துல விழும். முதல் மனைக்கு நல்ல குளிர்ச்சி.

உடம்பைப் பார்த்துக்கோ. மே மாசம் வா. உனக்குப் பிடிச்ச கொத்தவரங்கா வத்தல் போட்டு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
அக்கா ஜெயமாலா


செஞ்சி,
10-6-1964

குணபாலனுக்கு ஜெயமாலா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். நீயும் நல்லாத்தான் இருப்பே.

மே மாசம் வரலை நீ. வந்திருந்தா மூஞ்சிக்கு நேரா கேட்டிருப்பேன், இப்பக் காகிதத்துல கேக்குறேன். ஏப்ரல் இருபத்தஞ்சாம் தேதி கலியபெருமாள் வந்தான். மோர் குடிச்சிட்டு, மனையோட நீலப் படத்தை என் முன்னாலே விரிச்சான். உங்க வீட்டுலேயே ஒருத்தர் ஒத்துக்கிட்டாரு, நீங்க மட்டும் ஏம்மா பிடிவாதம் பிடிக்கிறீங்கன்னு இளிச்சான். விரல் வச்சுக் காட்டினான். ஒண்ணாம் நம்பர், முனை மனை, வேப்பமரத்தடி. அதுக்குள்ள பென்சில்ல எழுதியிருந்தது: குணபாலன், பிலாய்.

வழிக்குக் கையெழுத்து வாங்கித் தந்தா முனை மனை உனக்குச் சும்மான்னு எழுதினாராமே. நீயும் சரின்னு எழுதினியாமே. பிப்ரவரியிலயே. எனக்கு யோசி, நிதானிச்சுச் செய், வீதராகன்னு எழுதுறே, அவருக்குச் சரின்னு எழுதுறே. நிழல் எந்தப் பக்கம் விழும்னு என்கிட்டயே கேக்குறே. நைனாவைச் சுத்தவிட்ட மண்ணுல, உனக்கு நிழல்ல வீடு.

அழுவேன்னு நினைச்சியா? அழலை. பெட்டியைத் திறந்தேன். ஐம்பத்தெட்டுல நீ பிலாய்க்கு ரயில் ஏறும்போது, எல்லாத்தையும் பார்த்துக்கோ அக்கான்னு திண்டிவனத்துல எழுதிக் குடுத்தியே பவர் பத்திரம், விக்கவும் தானம் குடுக்கவும் உரிமை உண்டுன்னு போட்டு. அதை ரத்து பண்ணணும்னு உனக்கும் தோணலை, ஜினேந்திரனுக்கும் தோணலை. என்னை ஒரு ஆளா நினைச்சிருந்தாத்தானே தோணும். ரிஜிஸ்ட்ரார் ரெண்டு தடவை படிச்சார். செல்லும்னுட்டார்.

ஏப்ரல் முப்பதாம் தேதி, உன் பாகமும் என் பாகமும் சேர்த்துப் பஞ்சாயத்துக்கு வழியா எழுதிக் குடுத்துட்டேன். காலனிக்கு மட்டும்னு போடவா, பொதுவழின்னு போடவான்னு பத்திரம் எழுதுறவர் கேட்டார். பொதுன்னே போடுங்க, அவர் கண்ணு முன்னாலே ஊரே நடக்கட்டும்னு சொன்னேன்.

காலனி ஆளுங்க அத்தனை பேரும் வந்து ஒன்பது நாள்ல கள்ளியை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, கிராவல் கொட்டிட்டாங்க. ஜினேந்திரன் வரப்புல நின்னு பார்த்தார். அட்வான்ஸ் குடுத்திருந்த பதினோரு பேர்ல ஒன்பது பேர் பின்வாங்கிட்டாங்க. நம்ம ஜனங்களே எங்கிட்ட வந்து, உன் வீட்டுச் சுவரோரமாவே பொணம் போகுமேடின்னு வாயில அடிச்சுக்கிட்டாங்க. போகட்டும்னேன்.

முனை மனையை இனி உனக்குச் சும்மா குடுப்பாரான்னு எழுதிக் கேட்டுக்கோ.

ஜெயமாலா


பிலாய்,
25-6-1964

ஜெயமாலா அக்காவுக்கு.

உன் கடிதம் கிடைத்தது. என் கையெழுத்தை என்னிடம் கேட்காமல் பயன்படுத்திவிட்டாய். பவரை ரத்து செய்து வக்கீல் மூலம் தபால் அனுப்பியிருக்கிறேன்.

பழி வாங்கிவிட்டாய். சந்தோஷமாக இரு. எனக்கு இனிக் கடிதம் எழுத வேண்டாம். வந்தால் பிரிக்க மாட்டேன்.

குணபாலன்


செஞ்சி,
30-9-1964

தம்பிக்கு அக்கா எழுதுறது. பிரிக்க மாட்டேன்னு எழுதினே. பிரிச்சாப் படி, இல்லைன்னா அனந்தமதி படிக்கட்டும். நான் சுகம். நீங்க மூணு பேரும் சுகமா?

இங்க யாருகிட்டயும் சொல்ல முடியாததை உன்கிட்டதான் சொல்லணும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் பழக்கம், என்ன பண்றது.

ஜினேந்திரன் இன்னும் அசரலை. மனை விலையைக் குறைச்சிருக்கார். கார்த்திகை கடைசியில முதல் வீட்டுக்குக் கடைக்கால் பூஜைன்னு தடபுடல் பண்றார். யார் வாங்கினதுன்னு கலியபெருமாள் வாயைத் திறக்க மாட்டேங்கிறான். யாரோ வெளியூர்ப் பணக்காரனா இருக்கும், இங்கத்து விஷயம் தெரியாதவன்.

வழி தயாராகி நாலு மாசம் ஆச்சு. ஆனா காலனியில இதுவரைக்கும் ஒரு சாவு இல்லை. சொன்னா நம்ப மாட்டே. வருஷத்துக்கு எட்டு சாவு விழுற இடம். ஆடு போகுது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க போகுதுங்க, சைக்கிள் போகுது. பொணம் போகலை. அது போனாத்தானே ஊருக்கு உறைக்கும்?

பச்சைமுத்துவோட அம்மா காத்தாயி ஆவணியிலேர்ந்து படுக்கையில இருக்கா. எழுபது வயசு இருக்கும். காமாலைன்னு சொல்றாங்க, கால் வேற வீங்கிடுச்சு. நான் தினம் காலையில நொய்க் கஞ்சி எடுத்துட்டுப் போறேன். நம்ம கேணித் தண்ணியும் ஒரு சொம்பு. வைத்தியர் இன்னா சொன்னாரு, ராத்திரி தூங்கினாளா, எத்தனை வாய் கஞ்சி இறங்குச்சுன்னு மருமகளை விசாரிக்கிறேன். நயினாரம்மா எவ்வளவு அக்கறையா வருதுன்னு காலனியே பேசுது. காத்தாயி மட்டும் கண்ணை மூடாம என்னையே பார்க்கிறா.

கார்த்திகை தாண்ட மாட்டான்னுதான் வைத்தியர் பேச்சு. பூஜை நாள்ல விழுந்தா இன்னும் நல்லது. பந்தல் போட்டு, வாழை கட்டி, வெள்ளை வேட்டிக்காரங்க எல்லாம் நிக்கும்போது பறை அடிச்சுக்கிட்டுப் போகணும். அவர் மோட்டார் ஓட்டின நாள் மாதிரி.

எழுதிட்டேன். நீ இருந்தா, இன்னாக்கா இதுன்னு என்னைத் திட்டியிருப்பே. திட்டவும் ஆள் இல்லை.

அக்கா ஜெயமாலா


பிலாய்,
22-10-1964

அண்ணிக்கு அனந்தமதி நமஸ்காரம். நாங்கள் நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை அவர் பிரிக்கவில்லை. நான்தான் பிரித்தேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் படிக்க வேண்டாம் என்று தோன்றியது. ஒரு உயிர் போவதற்கு நாள் எண்ணிக்கொண்டு கஞ்சி ஊட்டுவதை நம் வீட்டுக் குழந்தைகள் எப்போதாவது படித்தால் என்ன நினைக்கும் அண்ணி?

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அவர் முனை மனையை ஆசைப்பட்டது எங்களுக்காக மட்டும் இல்லை. அக்கா வீட்டுச் சுவரும் நம் வீட்டுச் சுவரும் ஒன்றாக இருக்கும், நடுவில் ஒரு கதவு வைத்துவிடலாம், வயதான காலத்தில் அக்கா தனியாக இருக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் வழி இருப்பதுகூட அவருக்கு ஞாபகம் இல்லை, அவ்வளவு ஆசை. உங்களிடம் கேட்கப் பயம். கேட்டால் நைனாவைச் சொல்வீர்கள், நைனாவைச் சொன்னால் அவரால் பதில் பேச முடியாது. அதனால் மறைத்துச் செய்தார். மறைத்தது தப்புதான்.

இப்போது உங்கள் பேரை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். நான் எழுதியது அவருக்குத் தெரியாது. பதில் எழுதுவதானால் எங்கள் பக்கத்து வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
அனந்தமதி


செஞ்சி,
3-2-1965

அன்புள்ள தம்பி குணபாலனுக்கு அக்கா ஜெயமாலா எழுதுறது. நான் சுகம். பாப்பா சுகமா, அனந்தமதி சுகமா, நீ சுகமா, மூணு பேருக்கும் தனித்தனியாக் கேக்குறேன்.

பக்கத்து வீட்டு விலாசத்துக்கு எழுதலை. உன் விலாசத்துக்கே எழுதுறேன். அனந்தமதி எனக்கு எழுதினதை மறைக்கவும் எனக்கு இஷ்டமில்லை, அவளைக் கோவிச்சுக்காதே. அந்தக் கடிதத்தை மூணு மாசமா மடிச்சு வச்சிருக்கேன். என்ன பதில் எழுதறதுன்னே தெரியலை. அதை ஓரமா வச்சுட்டு இங்க நடந்ததை எழுதுறேன்.

காத்தாயி சாகலை. ஐப்பசி பாதியில கால் வீக்கம் வத்துச்சு. கார்த்திகை பொறந்ததும் எழுந்து வாசல்ல உக்காந்துட்டா. என் கஞ்சியும் கேணித் தண்ணியும்தான் எழுப்பி உட்கார வச்சதுன்னு அவ மருமக என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நான் எங்க போய்ச் சொல்ல?

பூஜை நாள் வந்துச்சு. நான் வாசல் கதவோரம் நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். யார் அந்த ஏமாந்த பணக்காரன்னு பார்க்கணுமே. பந்தல், வாழை, மேளம் எல்லாம் இருந்தது. முனை மனை, வேப்பமரத்தடி. முண்டாசு கட்டிக்கிட்டு மண்வெட்டி பிடிச்சு நின்னது யார் தெரியுமா? பச்சைமுத்து.

நாலு மாசம் அவன் வீட்டுக்கு தினம் போயிருக்கேன், ஒருத்தரும் மூச்சு விடலை. நான் எதுக்கு வர்றேன்னு அவனுக்குத் தெரியும், அதனாலதான் சொல்லலை. அவனோட சேர்ந்து பிளாக் ஆபீஸ் ஆளுங்க நாலு பேர், ஒரு கம்பவுண்டர், ரெண்டு வாத்தியார். பொணம் போற வழின்னு பயப்படுற ஆளுங்க இல்லை இவங்க, பாதி பேர் காலனிதான். மளிகைக்காரன் வரலைன்னா ஜினேந்திரனுக்கு இன்னா போச்சு? மாசம் பொறந்தாச் சம்பளம் வாங்குறவன் வந்துட்டான். ஆள் யாருன்னு பார்க்க அவருக்கு இப்ப வசதியில்லை.

நான் பொதுவழின்னு எழுதினேன் பாரு. அந்த ஒரு வார்த்தையைக் காட்டித்தான் மனைக்கு அனுமதி வாங்கியிருக்கார். வழி பஞ்சாயத்தோடது, யார் வேணா போகலாம். கையெழுத்துக்காக என் வாசல்ல நாள்கணக்கா ஆளைக் காக்க வச்ச மனுஷனுக்கு நானே சும்மா ரோடு போட்டுக் குடுத்திருக்கேன். மறுநாள் கலியபெருமாள் வெத்தலைத் தட்டு எடுத்துட்டு வந்தான். பெரியவர் குடுத்தனுப்பினாராம், வழிக்காகத் தங்கச்சிக்கு மரியாதையாம். தட்டைத் தூக்கித் தெருவுல எறிஞ்சேன். சரியாப் பழுக்காத வாழைப்பழம் ஒண்ணொண்ணா உருண்டுச்சு.

அன்னிக்கு பூஜை முடிஞ்சு எல்லாரும் போன பிறகு காத்தாயி கழியை ஊனிக்கிட்டு அந்த வழியாவே நடந்து வந்தா. புதுப் புடவை. என் வீட்டு ஓரத்துல, வழிப்பக்கம் இருக்கிற ஜன்னல் முன்னாலே நின்னா. அந்த ஜன்னலை நான் மே மாசமே சாத்தி ஆணி அடிச்சுட்டேன், அது உனக்கு எழுதலை. ஆணியை விரலால தடவிப் பார்த்துட்டு வாசலுக்கு வந்தா. நான் எழுந்திரிக்கலை.

"நீ எதுக்குக் கஞ்சி எடுத்தாந்தேன்னு எனக்குத் தெரியும் நயினாரம்மா," ன்னா. "உனக்கோசரம் என்னால சாவ முடியலை. பசிச்சுது, குடிச்சேன், பொழைச்சிட்டேன். ஒண்ணும் மனசுல வச்சுக்காதே. நாளைக்கு உனக்குன்னு ஒண்ணு ஆச்சுன்னா ஏரியைச் சுத்த வேணாம், இப்டியே தூக்கிட்டுப் போகச் சொல்லு. எம்மவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

கிண்டலும் இல்லை, கோவமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட அரிசி அளந்து குடுக்கிற மாதிரி சொன்னா. என் வீட்டு வழியில என்னைத் தூக்கிட்டுப் போக எனக்கே உத்தரவு குடுத்துட்டு, கழியைத் தட்டிக்கிட்டு வேப்பமரத்தடிக்குப் போயிட்டா. நான் பொழுது சாய்ற வரைக்கும் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். அன்னிக்கு நானும் சாப்பிடலை.

தம்பி, பழி வாங்கினது போதும்னு நான் சொல்ல மாட்டேன். ஜினேந்திரனை நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது. நாளைக்கு இன்னொரு வழி கிடைச்சா இன்னொரு தடவை பண்ணுவேன். ஆனா உன்கிட்ட நான் பண்ணது வேற. உன் கையெழுத்தை எடுத்து உன்னையே அடிச்சேன். நடுவுல கதவு வைக்கலாம்னு நீ நினைச்சதைக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன், அது நிஜம். ஆனா கேட்டுட்டுச் சொல்லியிருப்பேன்.

ஒண்ணு மட்டும் கேக்குறேன், இதுக்காவது பதில் எழுது. எனக்குப் பிள்ளை இல்லை. என் புருஷன் வீட்டுல சித்தாமூர்ல விளக்கேத்தக்கூட ஆள் இல்லை. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா தந்தி அடிக்கச் சொல்லிப் பச்சைமுத்துகிட்ட உன் விலாசத்தைக் குடுத்து வச்சிருக்கேன். தந்தி வந்தா நீ வருவியா, மாட்டியா? நீ வரலைன்னா, பங்காளின்னு கொள்ளிச் சட்டியை எடுத்துக்கிட்டு எனக்கு முன்னாலே நடக்க இந்த ஊர்ல ஜினேந்திரனைத் தவிர வேற ஆள் கிடையாது.

இப்படிக்கு,
அக்கா ஜெயமாலா